வெயிட்டிங் லிஸ்ட் 47-ஐ வைத்துக்கொண்டு தூங்குவது எப்படி

பொங்கலுக்கு ஊருக்குப் போக நெல்லை எக்ஸ்பிரஸில் டிக்கெட் போட்டு, வெயிட்டிங் லிஸ்ட் 47 என்று வந்தால் முன்பெல்லாம் ஒரு நாளைக்கு இருபது தடவை டிக்கெட்டின் பிஎன்ஆர் எண்ணைப் போட்டு நிலவரம் பார்ப்பேன். பல் தேய்க்கும்போது 47, ஆபீஸ் லிஃப்டில் 47, சாப்பிட்டுக் கை கழுவியதும் மறுபடியும் 47. பார்ப்பதால் ஒரு எண்கூடக் குறையாது என்று தெரியும், ஆனாலும் கை போகும். (முன்பதிவுக் காலத்தை 2024 நவம்பரிலிருந்து 120 நாளில் இருந்து 60 நாளாகக் குறைத்தார்கள், என்னைப் பொறுத்தவரை அதில் கிடைத்த லாபம் இந்த அவஸ்தை பாதியானது.)

ஒரு வருடம் இப்படியே திண்டாடிய பிறகு கண்டுபிடித்தது இதுதான்: என்னை வாட்டியது டிக்கெட் கிடைக்குமா என்பது இல்லை, கிடைக்காவிட்டால் என்ன செய்வேன் என்று யோசிக்காமலே இருந்தது.

அதனால் முதலில், தெரிந்துகொள்ள முடிந்ததை ஒரே தடவை உட்கார்ந்து தெரிந்துகொள்ளுங்கள். உங்கள் டிக்கெட்டில் ஜி.என்.டபிள்யூ.எல். (பொது வெயிட்டிங் லிஸ்ட்) என்று இருந்தால் வரிசை நகர ஓரளவு வாய்ப்பு உண்டு, ஆர்.எல்.டபிள்யூ.எல். (நடுவழி ஊர்களுக்கான லிஸ்ட்), பி.க்யூ.டபிள்யூ.எல். (பல ஊர்களுக்குச் சேர்த்து ஒதுக்கிய லிஸ்ட்) என்றால் கோட்டாவே சின்னது, பெரிதாக எதிர்பார்க்காதீர்கள். இவ்வளவுதான் நம்மால் அறிய முடியும், மிச்சம் ரயில் கிளம்புமுன் சார்ட், அதாவது கடைசிப் பயணிகள் பட்டியல், போட்டால்தான் தெரியும். இதற்கு மேல் யார் சொல்லும் சதவீதக் கணக்கையும் நான் நம்புவதில்லை.

அப்புறம் ஒரு துண்டுச் சீட்டு எடுத்து மூன்று வரி எழுதுங்கள். கன்ஃபர்ம் ஆனால் பிரச்சினை இல்லை. ஆர்ஏசி வந்தால் சைடு லோயரில் இன்னொருவரோடு பாதி சீட்டு, உட்கார்ந்தே போகத் தயாரா, ஆமாம் என்றால் கழுத்துக்கு ஒரு தலையணை. எதுவுமே கிடைக்காவிட்டால்? ஆன்லைனில் போட்ட டிக்கெட் தானாக ரத்தாகிப் பணம் திரும்பிவிடும், ஆனால் நீங்கள் ஊர் போய்ச் சேர வேண்டுமே. கடைசி நேர டிக்கெட்டான தட்கல், ஸ்லீப்பருக்கு முந்தின நாள் காலை 11 மணிக்குத் திறக்கும், சார்ட் வரும்வரை காத்திருக்காமல் அதற்கு அலாரம் வையுங்கள். அதுவும் போனால் சென்னை கிளாம்பாக்கம் பஸ் நிலையம் போய்க் கிடைத்த பஸ்ஸில் ஏறுவது, அதற்கான காசை இப்போதே தனியாக எடுத்து வைப்பது. கடைசி வரியில் "ஏதாவது பார்த்துக்கலாம்" என்று மட்டும் எழுதாதீர்கள். ராத்திரி ஒரு மணிக்கு நம்மை எழுப்பி உட்கார வைப்பதே அந்த "ஏதாவது"தான்.

எழுதியாயிற்றா, சரி. இனி பார்ப்பதற்கு ஒரு நேரம் வையுங்கள், எனக்கு ராத்திரி சாப்பாட்டுக்குப் பிறகு, ஒரே தடவை. முதல் மூன்று நாள் கஷ்டம்தான், கை அரிக்கும். நான் அந்த ஆப்பையே போனை விட்டு எடுத்துவிட்டேன், அதில் வெட்கப்பட ஒன்றும் இல்லை.

"எல்லாம் நன்மைக்கே" என்று மனசைத் தேற்றிக்கொள்ளச் சொல்பவர்கள் உண்டு. எனக்கு அது ஒரு நாளும் வேலை செய்ததில்லை, டிக்கெட் கிடைக்காதது நன்மை இல்லை, கிடைக்கவில்லை, அவ்வளவுதான். அதற்காக எல்லாவற்றையும் வருவது வரட்டும் என்று விட்டுவிடவும் கூடாது. நெஞ்சு வலிக்கிறது என்றால் காத்திருந்து பழகுகிற இடம் அது இல்லை, உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

ரயில் டிக்கெட்டில் பழகியது வேறு இடத்தில் தேவைப்பட்டது. போன வருடம் அம்மாவுக்குக் கழுத்தில் ஒரு கட்டி, சதை எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்பிவிட்டு ஐந்து நாள் ஆகும் என்றார்கள். அன்றும் சீட்டு எழுதினேன்: அடுத்து எந்த டாக்டர், பணம் எங்கிருந்து, ஆபீஸில் எத்தனை நாள் லீவு. எழுதிய பிறகும் பயம் போகவில்லை, ஆனால் ஒரே இடத்தில் சுற்றிச் சுற்றி வராமல் கொஞ்சம் அடங்கியது. மூன்றாம் நாள் காலையில் அம்மா கழுத்தில் பிளாஸ்திரியோடு மொட்டை மாடியில் உட்கார்ந்து, பழைய வேட்டியை விரித்துக் கூழ் வடகம் பிழிந்துகொண்டிருந்தார். ரிசல்ட் பற்றி ஏதேனும் போன் வந்ததா என்று கேட்க நான் வாயைத் திறப்பதற்குள், "அங்க மேற்கால பாரு, மேகம் கட்டுதா?" என்றார். பார்த்தேன். லேசாகக் கட்டியிருந்தது. "சரி, வந்தா அள்ளிக்கலாம், நீ அந்தப் பக்கத்து முனையைப் பிடி" என்று அடுத்த வரிசையைப் பிழிய ஆரம்பித்தார்.