பணியாளர்களின் சமூக ஊடகப் பயன்பாட்டுக்கு விதி எழுதுவோர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

கோடை சீசனுக்கு ஆள் எடுக்கத் தொடங்கும் பிப்ரவரி, மார்ச் மாதங்களில் உதகை, குன்னூர், கோத்தகிரிப் பகுதி விடுதிகளிலிருந்தும் தேயிலைத் தொழிற்சாலைகளிலிருந்தும் பணி விதிகளின் வரைவுகள் என் பார்வைக்கு வரும். முன்பெல்லாம் சீருடை, விடுப்பு, தங்குமிடம் ஆகியவற்றைப் பற்றிய விதிகளைத்தான் சரிபார்க்கச் சொல்வார்கள். இப்போது சமூக ஊடகத்துக்கென்று தனியே இரண்டு பக்கமாவது இருக்கிறது. அவற்றை எழுதுகிறவர்களில் பலர் மேலாளர் பொறுப்புக்குப் புதியவர்கள். பணி விதிகளை எழுதவும் சரிபார்க்கவும் உதவும் இந்தத் தொழிலுக்கு வந்த புதிதில் நான் எழுதிய அதே வாக்கியங்கள் அவர்களுடைய வரைவுகளிலும் வரி மாறாமல் வருவதைப் பார்த்த பிறகே இதை எழுதுகிறேன். வேலை நேரத்தில் ரீல்ஸ் பார்க்கக் கூடாது, சக பணியாளரை இழிவுபடுத்திப் பதிவிடக் கூடாது என்பன போன்றவற்றை எல்லோரும் சரியாகவே எழுதிவிடுகிறார்கள் என்பதால் அவற்றை இங்கே விட்டுவிடுகிறேன்.

“நிறுவனத்தின் நற்பெயருக்குக் களங்கம் விளைவிக்கும் எதையும் பதிவிடக் கூடாது”

என் கைக்கு வரும் வரைவுகளில் இந்த வாக்கியம் இல்லாததைக் காண்பது அரிது. பெருநகர நிறுவனம் ஒன்றின் ஆங்கிலக் கையேட்டிலிருந்து எடுத்து, மொழிபெயர்த்து, கையெழுத்து வாங்கிக் கோப்பில் வைத்துவிட்டால் எல்லாப் பிரச்சினைக்கும் இது ஒன்றே போதும் என்று நினைக்கிறார்கள். எது களங்கம், அதை யார் முடிவு செய்வது, எந்த அளவுக்குப் போனால் தண்டனை என்ற எந்தக் கேள்விக்கும் இதில் விடையில்லை. எல்லாவற்றையும் தடுப்பதுபோல் தோன்றும் இந்த விதி, உண்மையில் தடுக்க வேண்டிய ஒன்றைக்கூடத் தடுப்பதில்லை. இத்தனை ஆண்டுகளுக்குப் பிறகும் இதைப் பார்க்கும்போது எனக்குக் கோபம் வருவதற்குக் காரணம், இதனால் வேலையிழந்தவர்களை நான் நேரில் பார்த்திருப்பதுதான்.

குன்னூருக்கு மேலே உள்ள ஒரு விடுதியில் நடந்ததைச் சொல்கிறேன். ஐப்பசி மழை விடாமல் பெய்துகொண்டிருந்த நாட்களில், அறைப் பராமரிப்புப் பணியில் இருந்த ஒரு பெண் தன் வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் ஒரு படம் வைத்தார். பணியாளர் குடியிருப்பின் தகரக் கூரையிலிருந்து ஒழுகும் தண்ணீரைப் பிடிக்க வைத்திருந்த நீல வாளி, அதன் பக்கத்தில் நனையாமல் சுருட்டி நிறுத்திய பாய், கீழே “இன்றைக்கும் தூக்கம் இல்லை” என்ற ஒரு வரி. விடுதியின் பெயர் எங்கும் இல்லை. மறுநாளே அவரைத் தற்காலிகப் பணிநீக்கம் செய்து, நற்பெயருக்குக் களங்கம் விளைவித்ததாகக் குற்றச்சாட்டுக் குறிப்பாணை கொடுத்தார்கள்.

உள் விசாரணையில் அவருக்குத் துணையாக அமர்ந்த சக பணியாளர் மூன்றே கேள்விகள் கேட்டார். படத்தில் விடுதியின் பெயர் இருக்கிறதா? கூரை ஒழுகியது பொய்யா? அதே மாதத்தில் மேலாளர் தன்னுடைய இன்ஸ்டாகிராம் பக்கத்தில், தீ மூட்டிக் குளிர் காயும் விருந்தினர் குடும்பம் ஒன்றைக் குழந்தையின் முகம் தெரியக் காணொளியாகப் போட்டாரே, அவருக்கு எந்தக் குறிப்பாணை கொடுக்கப்பட்டது? மூன்றுக்கும் நிர்வாகத்திடம் பதில் இல்லை. விசாரணை ஆவணங்களைப் படித்துக் கருத்துச் சொல்ல என்னை அழைத்தது அதன் பிறகுதான். தற்காலிகப் பணிநீக்கக் காலத்துக்குப் பிழைப்பூதியம் தர வேண்டும் என்பதுகூட அவர்களுக்குத் தெரிந்திருக்கவில்லை; தமிழ்நாட்டில் இதற்கென்றே 1981ஆம் ஆண்டுச் சட்டம் இருக்கிறது, முதல் 90 நாட்களுக்கு ஊதியத்தில் பாதியை அது உறுதி செய்கிறது. கடைசியில் நிலுவை முழுவதையும் கொடுத்து அந்தப் பெண்ணை மீண்டும் வேலையில் சேர்த்தார்கள். அதற்குள் அவரோடு வேலை பார்த்த இருவர் விலகிப் போயிருந்தார்கள். விடுதிக்கு உண்மையாகவே புகார் கடிதம் வந்தது அந்தக் குழந்தையின் பெற்றோரிடமிருந்து.

விருந்தினரின் படம் பற்றி அந்த விதித்தாளில் ஒரு வார்த்தையும் இல்லை. இருந்திருக்க வேண்டியது இப்படி ஒரு விதி: “விருந்தினரின் முகம், பெயர், அறை எண், வாகன எண் ஆகியவற்றுள் எது தெரிந்தாலும், அவருடைய எழுத்துப்பூர்வ ஒப்புதல் இல்லாமல் அந்தப் படத்தையோ காணொளியையோ எந்தக் கணக்கிலும் பதிவிடக் கூடாது, இது உரிமையாளர், மேலாளர் உள்பட அனைவருக்கும் பொருந்தும்.” இதைப் படிக்கும் எவரும் எதைச் செய்யக் கூடாது என்று தெரிந்துகொள்வார், மீறினால் எதை மீறினார் என்று காட்டவும் முடியும்.

தேயிலைத் தொழிற்சாலைகளில் இதே வாக்கியம் வேறொரு வகையில் தீங்கு செய்கிறது. நீலகிரியில் தொழிற்சாலைப் பணியாளர் பலருடைய குடும்பத்துக்குச் சொந்தமாகக் கொஞ்சம் தேயிலைத் தோட்டம் இருக்கும். பகலில் தொழிற்சாலையில் எடை போடுகிறவர், மாலையில் சிறு தேயிலை விவசாயியாகப் பசுந்தேயிலை விலை போதவில்லை என்று முகநூலில் எழுதுவார். அது தன் வாழ்வாதாரத்தைப் பற்றிய பேச்சு. தொழிற்சாலையின் ஏல விவரம், கலவை விகிதம், வாங்குவோர் பட்டியல் ஆகியவை வெளியே போகக் கூடாது என்று எழுதுங்கள். விலையைப் பற்றிப் பேசாதே என்று எழுதாதீர்கள். அதேபோல், ஊதியத்தையும் பணிச்சூழலையும் பற்றித் தொழிலாளர்கள் தங்களுக்குள் பேசுவதையும், சங்கத்துக்கென்று வாட்ஸ்அப் குழு வைத்திருப்பதையும், தொழிலாளர் துறைக்கோ உணவுப் பாதுகாப்புத் துறைக்கோ புகார் அளிப்பதையும் இந்த விதிகள் தடுக்கவில்லை என்று வெளிப்படையாக ஒரு வரி சேர்த்துவிட வேண்டும். சங்கத்தில் சேரும் உரிமையில் தலையிடுவதை நியாயமற்ற தொழில் நடைமுறையாகவே சட்டம் பட்டியலிட்டிருக்கிறது.

விதி தெளிவாக இருக்கிறதா என்று அறிய ஒரு வழி உண்டு. மூன்று படங்களை அச்செடுத்துக்கொள்ளுங்கள்: இலை வாட்டும் பகுதியில் நின்று எடுத்த சுயபடம், சரக்கு அனுப்பும் சீட்டு பின்னணியில் தெரியும் படம், மேற்பார்வையாளரின் பிறந்தநாள் கேக். பணியாளர் சிலரிடம் விதியைப் படித்துக் காட்டி, இவற்றில் எதைப் பதிவிடலாம் என்று தனித்தனியே கேளுங்கள். ஆளுக்கு ஒரு பதில் சொன்னால் திருத்த வேண்டியது விதியைத்தான்.

புரியாத மொழியில் கையெழுத்து

நிறுவனத்தின் பணி விதிகளான நிலையாணைகளைத் தொழிலாளர் பெரும்பான்மையோருக்குப் புரியும் மொழியில் வாயிலருகே ஒட்ட வேண்டும் என்று 1946ஆம் ஆண்டு நிலையாணைகள் சட்டமே சொன்னது. ஆனாலும் சமூக ஊடக விதிகள் மட்டும் ஆங்கிலத்திலேயே இருக்கின்றன. தமிழில் இருந்தால் போதும் என்ற நிலையும் இப்போது இல்லை. தோட்டங்களிலும் விடுதிகளிலும் ஜார்க்கண்ட், அசாம் போன்ற மாநிலங்களிலிருந்து வந்தவர்கள் வேலை செய்கிறார்கள்; அவர்களுக்கு இந்தியிலாவது வாய்மொழியாகவாவது விளக்கி, விளக்கிய நாளையும் விளக்கியவர் பெயரையும் குறித்து வையுங்கள். படுகர் வீடுகளிலிருந்து வரும் மூத்த பணியாளர்களுக்கு அவர்கள் பேச்சிலேயே சொல்லக்கூடிய ஒருவரை உட்கார வைத்தால் சந்தேகங்களைத் தயங்காமல் கேட்கிறார்கள்.

66ஏ பிரிவைக் காட்டி மிரட்டுவது

புண்படுத்தும் இணையப் பதிவுகளைக் குற்றமாக்கிய, தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் அந்தப் பிரிவை 2015 மார்ச் 24 அன்று உச்ச நீதிமன்றம் செல்லாது என்று அறிவித்துவிட்டது. உங்கள் விதிகளில் அது இருந்தால் உடனே நீக்குங்கள்.

தனிக் கணக்கின் கடவுச்சொல்

கேட்கக் கூடாது.

ஐந்து நட்சத்திரம் போடச் சொல்வது

சீசன் தொடங்கும் முன் பணியாளர்களை வரிசையாக அழைத்து, விடுதிக்குக் கூகுளில் ஐந்து நட்சத்திரம் கொடுத்துப் பாராட்டி எழுதச் சொல்வது பல இடங்களில் வழக்கமாகிவிட்டது. தங்காத ஒருவர் விருந்தினர்போல எழுதும் மதிப்புரை வாடிக்கையாளரை ஏமாற்றுவதாகும். விளம்பரங்களையும் பரிந்துரைகளையும் பற்றி மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022இல் வெளியிட்ட நெறிமுறைகள், பொருளோடு தொடர்புடையவர் அந்தத் தொடர்பை வெளிப்படையாகச் சொல்ல வேண்டும் என்கின்றன. பணியாளர் தாமாக விரும்பிப் பாராட்டி எழுதினால், தாம் அங்கே வேலை செய்வதையும் குறிப்பிட வேண்டும் என்று விதியில் சேர்த்துவிடுங்கள்.

நிறுவனக் கணக்கு ஒருவர் கைபேசியில்

ஜூன் மாதம் சீசன் முடிந்து வரவேற்பாளர் ஊருக்குப் போகும்போது விடுதியின் முகநூல் பக்கமும் அவரோடு போய்விடுகிறது. கணக்கை நிறுவன மின்னஞ்சலில் தொடங்கி, நிர்வகிக்கும் உரிமையை இருவருக்குக் கொடுத்து, ஒருவர் விலகும் நாளில் அவருடைய உரிமையை நீக்குவதை விலகல் படிவத்தில் ஒரு கட்டமாகச் சேருங்கள்.

மலைக்குரிய விதிகளை எழுதாமல் விடுவது

பெருநகரக் கையேட்டில் காட்டெருமை இருக்காது. இங்கே விடுதியின் புல்வெளிக்கே வரும். பணியாளர் அதைக் காணொளியாக எடுத்து இடத்தின் பெயரோடு போட்டால், மாலைக்குள் அந்தச் சாலையில் கார்கள் நிற்கும். விலங்கும் மிரளும், ஆளுக்கும் ஆபத்து. கரடி, சிறுத்தை, யானை, காட்டெருமை ஆகியவற்றின் படத்தை இடமும் நேரமும் தெரியப் பதிவிடக் கூடாது, விலங்கைக் கண்டால் முதலில் வனத்துறைக்குச் சொல்ல வேண்டும் என்று விதியில் எழுதுங்கள்.

மழைக்காலத்துக்கும் தனி விதி வேண்டும். 2019 ஆகஸ்டில் நீலகிரியின் அவலாஞ்சியில் ஒரே நாளில் 82 சென்டிமீட்டர் மழை பதிவானது. அப்போது எடுத்த மண்சரிவுப் படங்கள் பின்வந்த மழைக்காலங்களிலும் புதியவைபோல் சுற்றுகின்றன. மேட்டுப்பாளையம் சாலை மூடல், நீலகிரிக்கு வரும் வாகனங்களுக்கான இ-பாஸ் மாற்றம் போன்ற செய்திகளை மாவட்ட நிர்வாகத்தின் அறிவிப்பு வந்த பிறகே நிறுவனக் கணக்கில் பகிர வேண்டும். தன் கண்ணெதிரே மரம் விழுந்து கிடப்பதைப் பணியாளர் தன் கணக்கில் பதிவிடுவதை மட்டும் தடுக்காதீர்கள். அது மேலே ஏறி வருகிறவரின் உயிரைக் காக்கக்கூடிய செய்தி.

பாலியல் துன்புறுத்தல் புகார்கள்

2013ஆம் ஆண்டுச் சட்டத்தின் 16ஆம் பிரிவுப்படி புகார்தாரரின் அடையாளத்தையும் விசாரணை விவரங்களையும் எவரும் வெளியிடக் கூடாது. நிறுவனத்தின் வாட்ஸ்அப் குழுவுக்கும் இது பொருந்தும்.

அழிக்கச் சொல்லிவிட்டுப் பிறகு தேடுவது

விதி மீறப்பட்டதும் மேலாளர் கோபத்தில் “உடனே அழி” என்கிறார். அழித்த பிறகு விசாரணைக்குக் காட்ட எதுவும் இல்லை. ஸ்டேட்டஸ் என்றால் 24 மணி நேரத்தில் தானாகவே மறைந்துவிடும். நாள், நேரம், கணக்கின் பெயர் ஆகியவை தெரியும்படி முதலில் திரைப்பதிவு எடுங்கள். அதை எடுத்தவர் யார் என்று எழுதி வையுங்கள். அதன் பிறகு நீக்கச் சொல்லுங்கள். வழக்கு நீதிமன்றம் வரை போனால், மின்னணுப் பதிவுக்கு 2023ஆம் ஆண்டின் பாரதிய சாட்சிய சட்டத்தின் 63ஆம் பிரிவுப்படி சான்றிதழும் வேண்டியிருக்கும். நீங்கள் சொன்னவுடன் பணியாளர் பதிவை நீக்கிவிட்டால் அதையும் கோப்பில் குறித்து, முதல் முறைக்கு எச்சரிக்கையோடு விடலாமா என்று மறுநாள் முடிவு செய்யுங்கள்.