கச்சான் காலத்தில் திருமலைக் கரையோரப் பயணம்: புகைக்கும் தீக்கும் தயாராக இரண்டு நாள்

திருகோணமலைக் கடல் மே முதல் செப்டெம்பர் வரை அடங்கிக் கிடக்கும். நிலாவெளிக்கு வான் பிடித்து வருகிறவர்கள் அந்த மாதங்களில்தான் வருவார்கள். பற்றைக்காடு தீப்பிடிப்பதும் அப்போதுதான். இரண்டுக்கும் காரணம் ஒரே காற்று. தென்மேற்குப் பருவக்காற்று மலைநாட்டில் மழையைக் கொட்டிவிட்டு, மலையின் இந்தப் பக்கம் இறங்கும்போது சூடேறி, ஈரம் வற்றிக் கச்சான் என்ற வறண்ட காற்றாக வருகிறது. தரையிலிருந்து கடலை நோக்கி வீசுவதால் கரையோர அலை அமர்கிறது. வரும் வழியில் உள்ள புல்லெல்லாம் காய்ந்து போகிறது. ஆகவே திட்டத்தைக் காற்றுப் பார்த்துப் போடுங்கள்.

தீயில் பெரும்பகுதி மனிதர் வைப்பது: சேனைப் பயிருக்காகக் காட்டை வெட்டி எரிப்பது, சிறுபோக அறுவடைக்குப் பிந்திய வைக்கோல், வீதியோரக் குப்பை. விடியற்காலையில் காற்று விழுந்திருக்கும்போது புகை தாழ்வாகப் படிந்து நிற்கும். வெயில் ஏறிக் காற்றும் எழும்பினால் அதே நெருப்பு ஓடத் தொடங்கும், புகை வீதியைக் குறுக்கறுத்துக் கடலுக்குப் போகும்.

முதல்நாள் மாலையும் புறப்படும் காலையும் தீயுள்ள இடங்களைச் செய்மதி மூலம் காட்டும் நாசாவின் ஃபர்ம்ஸ் (FIRMS) இணைய வரைபடத்தைப் பாருங்கள், இலவசம்தான். செய்மதிகளில் உள்ள விர்ஸ் (VIIRS) கருவி 375 மீற்றர் அளவிலும் மோடிஸ் (MODIS) கருவி 1 கிலோமீற்றர் அளவிலும் சூடான இடங்களைக் காட்டும். விர்ஸ் செய்மதிகள் பகல் ஒன்றரை மணியை அண்டியும் இரவு ஒன்றரையை அண்டியும் கடந்து போகும். தரவு வரைபடத்தில் ஏற 3 மணித்தியாலம் வரை எடுக்கும். அதாவது காலை ஆறு மணிக்கு நீங்கள் பார்ப்பது நடுச்சாம நிலவரம். முகில் மூடிய இடத்துத் தீயும் சின்னத் தீயும் அதில் விழாமல் போகலாம். புள்ளி இல்லையென்றால் தீ இல்லை என்று நம்ப வேண்டாம். எதிரே வந்து நிற்கும் பஸ் சாரதியிடம் ஒரு வார்த்தை கேட்பது இதைவிடப் புதிய தகவல்.

சனிக்கிழமை வடக்கே போகலாம்: உப்புவெளி, நிலாவெளி, குச்சவெளி, புல்மோட்டை. ஒரு வழி சுமார் 55 கிலோமீற்றர். காலை ஆறு மணிக்குப் புறப்பட்டு, புல்மோட்டைக்குக் கிட்ட உள்ள அரிசிமலைக் கடற்கரையை முதலில் பார்த்துவிட்டு, திரும்பும்போது நிலாவெளியில் தங்குவது நல்லது. இந்த வீதியில் ஒரு பக்கம் கடல், மறுபக்கம் பற்றையும் களப்பும். இடையில் மறித்தால் வந்த வழியே திரும்புவதுதான் வழி. புல்மோட்டையிலிருந்து பதவியாப் பக்கம் போகும் வீதியைத் தப்பும் பாதையாக எண்ண வேண்டாம்; அது காட்டுக்குள்ளால்தான் போகிறது, யானையும் உண்டு.

ஞாயிறு தெற்கே, ஏ15 வீதியால்: 2009இல் திறந்த கிண்ணியாப் பாலம், மூதூர், வெருகல். தேவைப்பட்டால் சேருநுவரப் பக்கத்தால் கந்தளாய்க்கு ஏறிவிடலாம் என்பதால் புகை கூடிய வார இறுதியில் வடக்கைவிட இதுவே மேல். கொழும்புக்குத் திரும்புகிறவர்கள் கந்தளாய்–ஹபரணைத் துண்டைப் பொழுதுபட முன் கடந்துவிட வேண்டும். இருட்டிய பிறகு அந்த வீதியில் யானை நிற்பது புதுமையல்ல. புகையும் சேர்ந்தால் பக்கத்தில் போகும்வரை தெரியாது.

வண்டிக்குள் இருக்க வேண்டியவை: ஆளுக்கு ஒரு நாளைக்கு 4 லீற்றர் குடிநீர், புறம்பாக 10 லீற்றர் கான் ஒன்று, 2 கிலோ உலர்தூள் தீயணைப்பான், தடித்த பருத்திப் போர்வை, ஆளுக்கு இரண்டு என்95 முகக்கவசம். சத்திரசிகிச்சை முகக்கவசமும் நனைத்த துணியும் நுண்புகையைத் தடுக்காது. முட்டு வருத்தம் (ஆஸ்துமா) உள்ளவரின் பம்ப் பின்னாலுள்ள பையில் இருக்கக் கூடாது, கையில் இருக்க வேண்டும். பெற்றோலை நகரிலேயே நிரப்புங்கள். கானில் கொண்டு திரிய வேண்டாம்.

புகை கண்டதும் ஏசியை உள்காற்றுச் சுழற்சிக்கு மாற்றுங்கள். புகை தாண்டியதும் மறக்காமல் வெளிக்காற்றுக்குத் திருப்ப வேண்டும்: நாலைந்து பேர் மூடிய வண்டிக்குள் அதே காற்றை இழுத்துக்கொண்டிருந்தால் கரியமிலவாயு கூடி சாரதிக்கு நித்திரை தூங்கும். ஹை பீம் போட்டால் ஒளி புகையில் பட்டுக் கண்ணுக்கே திரும்பும், லோ பீம்தான் சரி. வேகம் 30க்குக் கீழ். மாடுகள் தார் வீதியில் படுத்திருக்கும் ஊர் இது. முன்னுள்ள மின்கம்பம் ஒன்றுகூடத் தெரியவில்லையென்றால், அல்லது வீதியின் இரு கரையிலும் சுவாலை தெரிந்தால், உள்ளே போகாமல் திரும்புங்கள்.

திரும்பவும் முடியாவிட்டால், கடற்கரை நடைதூரத்தில், வழி வெளிப்பாக இருந்தால், வண்டியை விட்டுவிட்டு மணலுக்கு நடங்கள். வண்டியை மணலில் இறக்கினால் டயர் புதைந்து அங்கேயே நின்றுவிடும். கடல் எட்டாத இடமென்றால் புல் இல்லாத வெறுந்தரையில் நிறுத்தி, கண்ணாடியும் காற்றுத் துவாரமும் மூடி, லைட்டை எரியவிட்டு, போர்வைக்குள் ஜன்னல் மட்டத்துக்குக் கீழே குனிந்திருங்கள். தீமுனை கடந்த பிறகே இறங்க வேண்டும். எச்சரிக்கைப் பலகை உள்ள பற்றைக்குள் எந்த அவசரத்திலும் ஓட வேண்டாம்; போர்க்கால வெடிபொருள் எஞ்சியிருக்கலாம். பொலிஸ் 119, இடர் முகாமைத்துவம் 117, தீயணைப்பு 110, சுவசெரிய அம்புலன்ஸ் 1990.

தீயை நீங்களே மூட்டிவிடாமல் இருப்பதற்கும் ஒரு வழிமுறை உண்டு. ஓடி வந்த வண்டியின் புகைபோக்கித் தொகுதியில் உள்ள கற்றலிற்றிக் கொன்வேட்டர் 400 பாகை செல்சியஸுக்கு மேல் சுடும். படம் எடுக்க என்று வீதியோரக் காய்ந்த புல்லுக்குள் இறக்கி நிறுத்துவதுதான் நிறையப் பேர் செய்யும் பிழை. தாரில் அல்லது கிரவலில் மட்டும் நிறுத்துங்கள். மீன் சுடுவதென்றால் சவுக்கு மரத்தடியை விட்டு ஈர மணலுக்கு வாருங்கள். சவுக்குச் சருகு பொறி விழுந்ததும் பற்றும். தணலை மணல் போட்டு மூடக் கூடாது. மணலுக்குள் அது மணிக்கணக்கில் சூடாகக் கிடக்கும், பிறகு ஒரு பிள்ளை மிதிக்கும். கடல்நீர் ஊற்றிக் கிளறி, கையை வைத்துப் பார்க்கும் அளவுக்கு ஆறிய பின் எழும்புங்கள்.

கடலில் ஓர் ஆபத்து, தீயைவிட அமைதியானது. கச்சான் வெளிநோக்கி வீசும்போது கரையோரம் தட்டையாகக் கிடக்கும். காற்றடைத்த டியூபில் மிதக்கும் பிள்ளை சில நிமிடத்தில் எட்டாத்தூரம் போய்விடும். அந்த நாளில் டியூபும் மெத்தையும் வண்டியிலேயே இருக்கட்டும். நிலாவெளிக்கு எதிரே கடலில் உள்ள புறாத்தீவுக்குப் போகிறவர்கள் காலைப் படகில் போய், உயிர்காப்பு அங்கி அணிந்து, வெள்ளென வந்துவிடுங்கள்.

வீடு சேர்ந்ததும் இன்ஜின் ஆறிய பிறகு அடியில் குனிந்து பாருங்கள், புகைபோக்கியில் புல் சிக்கியிருந்தால் பிடுங்குங்கள். எயார் ஃபில்டரைத் தட்டிப் பார்த்து, சாம்பல் நிறைந்திருந்தால் மாற்றுங்கள். ஊதிச் சுத்தம் செய்வதென்றால் உள்ளிருந்து வெளியே ஊத வேண்டும். மாறி ஊதினால் தூசி தாளுக்குள் இன்னும் இறுகும்.