ஸ்கியாதோஸில் தலைக்கு மேல் விமானம்: முதன்முறை பார்க்கப் போகிறவர்களுக்கு

கிரீஸின் ஸ்போரடீஸ் தீவுகளில் ஒன்று ஸ்கியாதோஸ். அங்கே உள்ள விமான நிலையத்தின் ஓடுபாதை 1,628 மீட்டர்தான். ஏதென்ஸில் இருக்கும் நீளமான ஓடுபாதை 4,000 மீட்டர். பாதை குட்டை என்பதால் விமானி ஆரம்பத்திலேயே சக்கரத்தைத் தரையில் வைத்தாக வேண்டும். பாதையின் தென்முனையில் வேலி, வேலியை ஒட்டிச் சாலை, அதற்கப்பால் கடல். அந்தச் சாலையில் நின்றால் போயிங் 737 நம் தலைக்கு மேலேயே இறங்கும். அதைப் பார்ப்பதற்காகவே ஊர் ஊராக ஆட்கள் வருகிறார்கள்.

படி 1: மாதத்தைப் பார்த்து டிக்கெட் போடுங்கள்

குளிர்காலத்தில் போனால் ஏதென்ஸிலிருந்து வரும், விசிறியால் பறக்கும் சின்ன ஏடிஆர் விமானங்களோடு திருப்திப்பட வேண்டியதுதான். ஜெட் பார்க்க வேண்டுமென்றால் ஜூன் முதல் செப்டம்பர் வரை. பிரிட்டன், இத்தாலி, ஜெர்மனி என்று விடுமுறைக் கூட்டத்தை ஏற்றிக்கொண்டு வருவார்கள். விமானம் வேண்டாம் என்றால் கிரீஸின் நிலப்பகுதியில் உள்ள வோலோஸ் துறைமுகத்திலிருந்து கப்பல் இருக்கிறது.

படி 2: காற்றைப் படியுங்கள்

பாதி வேலை இதுதான். புதிதாகப் போகிறவர்கள் அட்டவணையை மட்டும் பார்த்துவிட்டுப் போய் நிற்பார்கள். விமானம் மறுபக்கத்திலிருந்து வந்து இறங்கிவிடும்.

விமானம் எதிர்காற்றில்தான் இறங்கும். ஸ்கியாதோஸ் ஓடுபாதை கிட்டத்தட்ட தெற்கு வடக்காகக் கிடக்கிறது. வடக்கிலிருந்து காற்று வீசினால் விமானம் தெற்கிலிருந்து, அதாவது சாலைக்கு மேலாக வரும். ஜூலை, ஆகஸ்டில் ஏஜியன் கடலில் மெல்டெமி என்ற வடகாற்று அடிக்கும். கப்பல்காரர்கள் திட்டுகிற காற்று நமக்கு நல்லது.

அன்றைய நிலவரத்துக்கு மெட்டார் என்ற வானிலைக் குறிப்பைப் பாருங்கள். எல்ஜிஎஸ்கே (LGSK) என்று நிலையக் குறியீட்டைப் போட்டால் இணையத்தில் கிடைக்கும். அதில் ‘04015கேடி’ என்று வந்தால், முதல் மூன்று இலக்கம் காற்று வரும் திசை (40 பாகை, வடகிழக்கு), அடுத்த இரண்டு வேகம் (15 நாட், அதாவது மணிக்கு 15 கடல் மைல்). சரி, சாலைக்குப் போகலாம். ‘18010கேடி’ என்றால் தென்காற்று. அன்றைக்கு ஓடுபாதையின் வடமுனையில் உள்ள க்ஸானெமோஸ் கடற்கரைப் பக்கம் போய்விடுங்கள்.

இன்னொன்று: குறிப்பில் ‘111220இசட்’ என்றிருந்தால் அது 11ஆம் தேதி, உலகப் பொது நேரம் 12.20. கோடையில் கிரீஸ் நேரத்துக்கு 3 மணி கூட்டுங்கள், அதாவது பிற்பகல் 3.20. பழைய குறிப்பை நம்பிக் கிளம்ப வேண்டாம்.

படி 3: எங்கே நிற்பது

துறைமுகத்திலிருந்து கரையோரமாக நடந்தே போய்விடலாம். நிற்கும்போது ஓடுபாதையின் நடுக்கோட்டுக்கு நேராக நிற்காமல் சற்றுப் பக்கவாட்டில் நில்லுங்கள். நேர் கீழே நின்றால் வயிறும் சக்கரமும்தான் தெரியும். பக்கத்தில் நின்றால் விமானம், வேலி, அண்ணாந்து பார்க்கும் ஜனம் எல்லாம் ஒரே சட்டத்துக்குள் வரும். சாலையில் வண்டிகள் ஓடுகின்றன, மேலே பார்த்தபடியே பின்னால் நடக்காதீர்கள்.

படி 4: புறப்பாடு என்றால் விலகிவிடுங்கள்

இதில் விளையாட்டே வேண்டாம். புறப்படும் விமானம் ஓடுபாதையிலேயே தென்முனை வரை உருண்டு வந்து, அங்கே திரும்பி, சாலைக்கு வாலைக் காட்டி நிற்கும். பாதை குட்டை என்பதால் பிரேக்கைப் பிடித்துக்கொண்டே இன்ஜின் வேகத்தை ஏற்றுவார்கள். அப்போது பின்னால் வருவது வெறும் காற்றல்ல; மண்ணும் சிறு கற்களும் சேர்ந்து வரும். 2017இல் கரீபியத் தீவான செயின்ட் மார்ட்டினில் இதே மாதிரி வேலியருகே நின்ற பெண் ஒருவர் தூக்கி எறியப்பட்டு இறந்தார். எச்சரிக்கைப் பலகையின் முன்னால் நின்று செல்ஃபி எடுப்பவர்களைப் பார்த்துத் துணிச்சல் வரவழைத்துக்கொள்ள வேண்டாம். விமானம் திரும்பத் தொடங்கியதுமே பக்கவாட்டில் தள்ளிப் போய்விடுங்கள். குழந்தைகளோடு போனால் வந்திறங்குவதை மட்டும் பார்த்தால் போதும். உண்மையில் அதுதான் அழகும்கூட.

படி 5: கேமரா

பெரிய டெலி லென்ஸைச் சுமக்காதீர்கள். 24–70 மி.மீ. லென்ஸ் தாராளம், கைபேசியே போதும். ஜெட்டுக்கு ஷட்டர் வேகம் 1/1000. ஏடிஆர் வந்தால் 1/250க்குக் குறையுங்கள், இல்லாவிட்டால் விசிறி உறைந்துபோய், வானத்தில் நின்றுவிட்ட மாதிரி தெரியும். விமானம் தெற்கிலிருந்து வருவதால் நடுப்பகலில் வெயில் லென்ஸுக்கு எதிரே இருக்கும். காலையோ, நாலு மணிக்கு மேலோ நல்லது.

நடுவில் வெகுநேரம் விமானமே வராது. ஊருக்குள் பாபாதியாமாந்திஸ் வாழ்ந்த வீடு அருங்காட்சியகமாக இருக்கிறது. 1851இல் இத்தீவில் பிறந்த எழுத்தாளர், விமான நிலையத்துக்கே அவர் பெயர்தான்.

படி 6: எதைப் படமெடுக்கக் கூடாது

ஸ்கியாதோஸ் சாலையில் எல்லோரும் வெளிப்படையாகவே படமெடுக்கிறார்கள், பிரச்சினை இல்லை. ஆனால் அதே பழக்கத்தில் கிரீஸின் ராணுவ விமானத் தளங்கள் பக்கம் கேமராவைத் திருப்பாதீர்கள். 2001 நவம்பரில் கலமாதா தளத்தில் 12 பிரிட்டிஷ்காரர்களும் 2 டச்சுக்காரர்களும் உளவு பார்த்ததாகக் கைது செய்யப்பட்டார்கள். விமானம் பார்ப்பது பொழுதுபோக்கு என்பதே அங்கே பலருக்குப் புரியவில்லை. தண்டனையும் விதிக்கப்பட்டு, மேல்முறையீட்டில்தான் விடுதலை கிடைத்தது. ‘படம் எடுக்காதே’ பலகையோ, ராணுவச் சீருடையோ கண்ணில் பட்டால் கேமராவைப் பைக்குள் வையுங்கள்.