சினை எலியை வீட்டுக்குக் கொண்டுவந்தால் செய்யக் கூடாதவை

சினையாக இருக்கும் வெள்ளை எலியைத் தத்தெடுப்பவர்கள் செய்யும் முதல் தவறு, வந்த அன்றைக்கே தூக்கிக் கொஞ்ச நினைப்பது. கருங்கல்பாளையம் சந்தையில் சினைமாடு வாங்கி வந்தால், எங்கள் அம்முச்சி (அம்மாவின் அம்மா) தண்ணியும் தீவனமும் வைத்துவிட்டு ஒதுங்கிக்கொள்வார். "அதுக்கு நம்ம வாசம் பழகோணுங் கண்ணு" என்பார். எலிக்கும் இதே கணக்குதான். ஆனால் நாள் குறைவு. எலியின் சினைக்காலமே 21 முதல் 23 நாள்தான். வயிறு உப்பித் தெரியும்போது பெரும்பாலும் பத்து நாள்கூட மீதி இருக்காது. அந்த அவசரத்தில்தான் காரியம் கெடுகிறது.

மேலிருந்து கையை இறக்கிப் பிடிக்காதீர்கள். எலிக்குப் பார்வை மங்கல், சிவப்புக் கண் எலிக்கு இன்னும் மங்கல். தலைக்கு மேலே நிழல் விழுந்தால் அதற்கு அது பருந்துதான். வாலைப் பிடித்துத் தூக்குவது அதைவிடக் கொடுமை. வால் தோல் உறை மாதிரி உரிந்து வந்துவிடும். இடம் மாற்றியே ஆகவேண்டும் என்றால் ஒரு டப்பாவைப் படுக்க வைத்து உள்ளே தீனி போடுங்கள், தானே ஏறிக்கொள்ளும்.

"ஒளிஞ்சுக்கிட்டே இருந்தா எப்படிப் பழகும்?" என்று சிலர் கூண்டுக்குள் இருக்கும் மறைவை எடுத்துவிடுகிறார்கள். இது தலைகீழான யோசனை. ஓடி ஒளிய இடம் இருந்தால்தான் வெளியே வர அதற்குத் தைரியம் வரும்.

எங்கள் சினை எலி அம்மணி, கோயம்புத்தூரில் அறையைக் காலி செய்த ஒரு மாணவியிடமிருந்து வந்தாள். மூன்று நாள் மண்சட்டியைவிட்டு அவள் வெளியே வந்ததை நான் பார்க்கவே இல்லை. நான் உடுத்திய பழைய பனியனை உள்ளே போட்டேன். எலி மாலை மயங்கினால்தான் சுறுசுறுப்பாகும் என்பதால், தினமும் விளக்கு வைக்கும் நேரத்தில் பக்கத்தில் உட்கார்ந்து மெல்லப் பேசிக்கொண்டிருந்தேன். கரண்டி நுனியில் தயிர். கடலையைக் கொடுத்தால் பறித்துக்கொண்டு உள்ளே ஓடிவிடும், தயிரை நின்றுதான் நக்கியாக வேண்டும். கம்பி இடுக்கில் மட்டும் ஊட்டாதீர்கள். அங்கே நுழைவதெல்லாம் தீனி என்று பழகி, விரலையும் கடிக்கும்.

நான்காம் நாள் மீசை துடிக்க மூக்கு வந்தது, பிறகு உடம்பு நீண்டது. பின்னங்கால் இரண்டும் சட்டிக்குள்ளேயே இருந்தன. ஐந்தாம் நாள் முன்னங்கையை என் கட்டைவிரல்மேல் வைத்தாள். சின்னஞ்சிறு நான்கு விரல், சில்லென்று இருந்தது. அந்த நேரம் பார்த்து நான் இன்னொரு கையால் தடவப் போனேன். அவ்வளவுதான், அடுத்த இரண்டு நாள் வெளியே வரவில்லை. அவள் தொட்டாள் என்பதற்காக நாமும் தொடலாம் என்று அர்த்தமில்லை. இதை நான் அன்றைக்குத்தான் கற்றேன்.

திருப்பூர்ப் பக்கம் கூடு கட்ட பனியன் வேஸ்ட்டை அள்ளிப் போடுவார்கள். பிரிந்த நூல் குட்டிகளின் காலைச் சுற்றி ரத்த ஓட்டத்தை நிறுத்திவிடும். அச்சில்லாத தாளைக் கிழித்துப் போடுங்கள், அவளே கட்டிக்கொள்வாள். தறி ஓடும் வீடென்றால் கூண்டைத் தறிச் சுவரிலிருந்து தள்ளி வையுங்கள். சித்திரை வெயிலில் ஈரோடும் கரூரும் 40 டிகிரியைத் தொடும். எலிக்கோ 30 தாண்டினாலே சிரமம், அதற்கு வியர்க்காது. படுத்துக்கொள்ள ஒரு துண்டுக் கடப்பாக்கல் கொடுங்கள். அப்புறம், வீட்டில் எலி மருந்தோ ஒட்டுப் பொறியோ இருந்தால் இன்றே அகற்றுங்கள். எலியால் வாந்தி எடுக்க முடியாது.

கண்ணோரம் சிவப்பாகக் கசிந்தால் ரத்தம் என்று பதறி அவளைப் பிடித்துக் கழுவ வேண்டாம். பயத்திலோ நோயிலோ வரும் நிறமிதான் அது. நிற்காமல் வந்தால் மருத்துவரிடம் காட்டுங்கள். குட்டி வராமல் முக்கிக்கொண்டே இருந்தால் மட்டும் ஒரு நிமிடமும் தாமதிக்கக் கூடாது. எலி பார்க்கும் மருத்துவர் யார் என்று முன்கூட்டியே விசாரித்து வையுங்கள். நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரியிலும் கேட்டுப் பார்க்கலாம்.

குட்டி போட்டதும் எல்லோரும் கூடி நின்று பார்ப்பதுதான் பெரிய தவறு. மிரண்ட தாய் குட்டிகளைத் தின்றுவிடுவதும் உண்டு. முதல் நாள் கூட்டைத் தொடாதீர்கள். அவள் கடித்தாலும் பழகியது வீணானது என்று நினைக்காதீர்கள், தாய்க்கு அது கடமை. மறுநாள் தயிருக்கு வெளியே வரும்போது ஒரு பார்வை போதும். பாலுண்ட குட்டியின் வயிற்றில் வெள்ளைப் பட்டை தோலுக்குள் தெரியும். ஆண் எலி கூட இருந்தால் அதைப் பிரசவத்துக்கு முன்பே பிரித்துவிடுங்கள். குட்டி போட்ட 24 மணி நேரத்துக்குள் மறுபடி சினைப்பிடிக்கும். குட்டிகள் பிறந்த தேதியைக் காலண்டரில் குறித்து வையுங்கள். ஐந்து வாரம் ஆகும்போது ஆண் குட்டிகளையும் தாயிடமிருந்து பிரிக்க வேண்டும்.