இரண்டாம் முறையும் நுரையீரல் சுருங்கினால் என்ன செய்வது

முதல் தடவை எனக்கு 23 வயது. கல்லடிப் பாலத்தில் சைக்கிள் மிதித்துக்கொண்டு வர, வலப்பக்க நெஞ்சில் சுருக்கென்று குத்தியது, வாய்வாக்கும் என்று இஞ்சித் தேத்தண்ணி குடித்துவிட்டுப் படுத்துவிட்டேன். அந்தப் பிழையை நீங்கள் விடாதீர்கள். ஒருபக்கம் திடீரென்று குத்தி, மூச்சு இழுக்க இழுக்க வலி கூடினால் இலங்கையில் 1990 என்ற இலக்கத்துக்கு அடியுங்கள், அம்புலன்ஸ் இலவசம்.

நுரையீரலின் உச்சியில் இருக்கும் சின்னக் கொப்புளம் வெடித்து, காற்று வெளியே கசிந்து நுரையீரலையே அமத்திவிடுகிறது, விஷயம் அவ்வளவுதான். நெட்டையாக, ஒல்லியாக வளர்ந்த பெடியன்களுக்கு அதிகம். நெஞ்சுக்குள் குழாய் போட்டுக் காற்றை எடுத்தால் நுரையீரல் விரிந்துவிடும், ஆனால் கொப்புளம் இருந்த இடத்திலேயே இருக்கும். அதனால்தான் ஏறக்குறைய மூன்றில் ஒருவருக்குத் திரும்ப வருகிறது, இரண்டாம் முறை வந்தவருக்கு மூன்றாவது வரும் வாய்ப்பு இன்னும் கூட.

ஆகவே அதே பக்கம் மறுபடி வந்தாலோ, மற்றப் பக்கமும் வந்தாலோ, குழாய் போட்டு ஐந்து நாளாகியும் காற்றுக் கசிவு நிற்காவிட்டாலோ, நெஞ்சறைச் சத்திரசிகிச்சை நிபுணரிடம் அனுப்பச் சொல்லி நீங்களே வாய்விட்டுக் கேளுங்கள். வெலிசறையில் உள்ள சுவாச நோய்களுக்கான தேசிய வைத்தியசாலையில் இதைச் செய்கிறார்கள். மட்டக்களப்பிலிருந்து தூரம்தான், என்றாலும் போகலாம்.

விலாவில் இரண்டு மூன்று துளை, ஒன்றுக்குள் கமெரா. கொப்புளமுள்ள நுனியை வெட்டித் தைத்துவிட்டு, நெஞ்சுச் சுவரின் உட்சவ்வை உரசிப் புண்ணாக்குவார்கள் அல்லது உரித்தெடுப்பார்கள். கேட்கப் பயமாக இருக்கும், ஆனால் அந்தப் புண் ஆறும்போதுதான் நுரையீரல் சுவரோடு ஒட்டிக்கொள்ளும், பிறகு சுருங்க இடமிராது. இதன் பிறகும் திரும்ப வருவது நூற்றில் ஐந்து பேருக்குக் கிட்டத்தான்.

வாட்டில் கவனிக்க வேண்டியது போத்தல். குழாயின் மறுமுனை தண்ணீருக்குள் இருக்கும், இருமினால் குமிழி வரும், காற்றுக் கசிவு நின்றால் குமிழியும் நிற்கும். போத்தல் எப்போதும் நெஞ்சுக்குக் கீழேயே இருக்க வேண்டும். என்னைப் பார்க்க வந்த பெரியம்மா, யாரும் காலால் தட்டிவிடுவார்கள் என்று பாசத்தோடு அதைத் தூக்கிக் கட்டிலில் வைக்கப்போனார், நேர்ஸ் போட்ட சத்தத்தில் வாட்டே எழும்பிவிட்டது! உயர்த்தினால் தண்ணீர் நெஞ்சுக்குள் போய்விடும். இருமும்போது தலையணையைக் கட்டிப்பிடித்துக்கொள்ளுங்கள், வலி குறையும்.

சரி, வீட்டுக்கு வந்தாயிற்று. சிகரெட்டை விடுங்கள், கஞ்சாவையும்தான். வாழ்நாளில் இந்நோய் வரும் வாய்ப்பு புகைக்கும் ஆண்களுக்கு நூற்றில் பன்னிரண்டு என்றால், புகைக்காதவர்களுக்கு ஆயிரத்தில் ஒன்று. நுரையீரல் முழுதாக விரிந்ததை எக்ஸ்ரேயில் பார்த்து ஒரு கிழமையாவது போகும்வரை விமானத்தில் ஏறாதீர்கள்.

பாசிக்குடாவில் ஆசைதீர நீந்தலாம், சிலிண்டர் கட்டி ஆழத்துக்கு இறங்குவது மட்டும் கூடாது. ஆழத்தில் சுவாசித்த காற்று மேலே வரவர விரியும், உள்ளே ஒரு கொப்புளம் மிச்சமிருந்தாலும் ஆபத்து. இரண்டு பக்கமும் சவ்வு உரித்தவர்களுக்குச் சிலவேளை வைத்தியர் அனுமதி கொடுப்பார். எனக்கு ஒரு பக்கம்தான் செய்தது, அதனால் 1942இல் நம் கடலில் மூழ்கிய ஹெர்மிஸ் கப்பலைக் கூட்டாளிமார் எடுத்துவந்த வீடியோவில் பார்த்துக்கொள்கிறேன்.