கனடாவில் பூர்வகுடிகளின் வீட்டுரிமை: தவிர்க்க வேண்டிய தவறுகள்

வீட்டைக் காலி செய்யச் சொல்லி ஒரு பூர்வகுடிக் குடும்பத்துக்குக் கடிதம் வந்தால், உதவிக்குப் போகிறவர் முதலில் கேட்க வேண்டியது ஒன்றுதான்: அந்த வீடு நிற்கும் நிலம் ரிசர்வ் (பூர்வகுடிகளுக்கென ஒதுக்கப்பட்ட) நிலமா, இல்லையா? இதைக் கேட்காமல் மாகாண வாடகைச் சட்டத்தைக் கையில் எடுப்பதுதான் மிகப் பெரிய தவறு. பூர்வகுடிகளுக்கென ஒதுக்கிய நிலங்களை 1867ஆம் ஆண்டு அரசியலமைப்புச் சட்டம் மத்திய அரசின் அதிகாரத்தில் வைத்தது. அதனால் பொதுவாக மாகாண வாடகைச் சட்டம் ரிசர்வுக்குள் செல்லாது. மாகாண வாடகை வாரியத்தில் விண்ணப்பம் போட்டுவிட்டுக் காத்திருப்பவர், உண்மையில் போக வேண்டிய இடத்தின் கெடுவைக் கைநழுவ விடுகிறார்.

சட்டம் இங்கே ஆளைப் பார்ப்பதில்லை, நிலத்தைப் பார்க்கிறது. பிரிட்டிஷ் கொலம்பியாவில் செஷெல்ட் பூர்வகுடி மக்களின் நிலத்தில் மொபைல் ஹோம் வைத்துக் குடியிருந்தவர்களின் வழக்கு ஒன்று மாகாண நடுவரிடம் போனது. குடியிருந்தவர்கள் பூர்வகுடிகள் அல்லர். ஆனாலும் மாகாணச் சட்டத்துக்கு அந்த நிலத்தில் இடமில்லை என்று 2013இல் அம்மாகாண மேல்முறையீட்டு நீதிமன்றம் சொன்னது. மறுபக்கம், ஸ்டேட்டஸ் கார்டு (பூர்வகுடி என மத்திய அரசு பதிவுசெய்தவருக்கான அட்டை) உள்ள ஒருவர் ரொறன்ரோவில் வாடகைக்கு இருந்தால் ஒன்ராறியோ சட்டத்தின் முழுப் பாதுகாப்பும் அவருக்கு உண்டு. கார்டைக் காட்டி அதை யாரும் குறைக்க முடியாது.

மாகாணச் சட்டம் இல்லையென்றால் ரிசர்வில் உரிமையே இல்லை என்று பலர் சோர்ந்துவிடுகிறார்கள். அது சரியல்ல. ரிசர்வ் சமூகத்தை நிர்வகிக்கும் பேண்ட் கவுன்சிலின் வீட்டுக் கொள்கை, கையெழுத்திட்ட வாடகை ஒப்பந்தம், அந்தச் சமூகம் தானே இயற்றிய நிலச் சட்டம் ஆகிய மூன்றையும் எழுத்தில் கேட்டு வாங்குங்கள். வெளியேற்றுமுன் காரணம் சொல்லவும் குடியிருப்பவரின் பக்கத்தைக் கேட்கவும் கவுன்சில் கடமைப்பட்டது. அதன் முடிவை எதிர்த்து ஃபெடரல் நீதிமன்றம் போவதானால் கெடு 30 நாள். நேரில் பேசித் தீர்த்துக்கொள்ளலாம் என்று நல்லெண்ணத்தோடு காத்திருப்பவர்களுக்கு இந்த 30 நாள் ஓடிப்போவது தெரிவதே இல்லை. பேசுங்கள், கூடவே வழக்கறிஞரையும் பாருங்கள்.

வீடு ஒதுக்குவதில் பாகுபாடு என்றால் வழி வேறு. இந்தியன் சட்டத்தின் (பூர்வகுடிகள், ரிசர்வுகள் பற்றிய கனடிய மத்திய சட்டம்) கீழ் எடுக்கும் முடிவுகளைக் கனடிய மனித உரிமைச் சட்டத்தின் 67ஆம் பிரிவு பல்லாண்டுகள் முறையீட்டுக்கு வெளியே வைத்திருந்தது. 2008இல் அது நீக்கப்பட்டு, 2011 முதல் கவுன்சில்கள் மீதும் முறையிட முடிகிறது. சம்பவம் நடந்து ஓராண்டுக்குள் முறையிட வேண்டும்.

அடுத்தது, என்னை அதிகம் வருத்துவது. கணவனும் மனைவியும் பிரியும்போது, வீட்டின் உடைமைச் சான்றிதழ் கணவர் பெயரில் இருப்பதால் தனக்கு ஒன்றுமில்லை என்று நம்பி, பிள்ளைகளோடு வெளியேறிவிடும் பெண்கள். ஒரு காலத்தில் நிலைமை ஏறக்குறைய அப்படித்தான் இருந்தது. மாகாணக் குடும்பச் சொத்துச் சட்டத்தை வைத்து ரிசர்வ் நிலத்தின் உடைமையைத் தொட முடியாது என்று 1986இல் உச்ச நீதிமன்றம் டெரிக்சன் வழக்கில் தீர்ப்பளித்தது. அந்த இடைவெளியை அடைக்க ரிசர்வ் குடும்ப வீடுகளுக்கான மத்திய சட்டம் 2013இல் வந்தது; அதன் தற்காலிக விதிகள் 2014 டிசம்பர் 16 முதல் நடைமுறையில் உள்ளன. சொந்தச் சட்டம் இயற்றிக்கொண்ட சமூகங்களில் அந்தச் சட்டமே செல்லும். மற்ற இடங்களில் சான்றிதழ் யார் பெயரில் இருந்தாலும், துணைவர் அந்தச் சமூகத்தின் உறுப்பினராக இல்லாவிட்டாலும், உறவு நீடிக்கும்வரை அந்த வீட்டில் குடியிருக்க இருவருக்கும் சம உரிமை. ஒருவர் எழுத்தில் சம்மதிக்காமல் மற்றவர் வீட்டைக் கைமாற்ற முடியாது. பிரிந்த பின்னும் ஒருவருக்கு மட்டும் வீட்டில் இருக்கும் உரிமையை நீதிமன்றம் வழங்கலாம். வன்முறை நடக்கும் வீடென்றால் 90 நாள்வரை அவசரப் பாதுகாப்பு ஆணை கேட்கலாம். இதற்கென மாகாணம் நீதிபதிகளை நியமித்திருக்க வேண்டும் என்பதால் அதை முதலில் விசாரியுங்கள். துணைவர் இறந்தால் 180 நாள் அதே வீட்டில் இருக்கலாம். வீட்டு மதிப்பில் பங்கு கேட்க 10 மாதம்தான் கெடு. துக்கத்தில் இருப்பவருக்கு அது நினைவில் நிற்காது, உறவினர்கள் குறித்துவையுங்கள்.

ரிசர்வில் வாடகை கட்டக் கட்ட வீடு சொந்தமாகும் என்ற வாய்மொழியை நம்பி ரசீது இல்லாமல் ஆண்டுக்கணக்கில் பணம் கட்டாதீர்கள். உறுப்பினர் அல்லாதவர், அமைச்சரின் அனுமதி இல்லாமல் ஒரு தனிநபரிடம் ரிசர்வ் நிலத்தைக் குத்தகைக்கு எடுத்தால், இந்தியன் சட்டத்தின் 28ஆம் பிரிவின்படி அந்த ஒப்பந்தமே செல்லாது.

ரிசர்வுக்கு வெளியே நடக்கும் தவறுகள் எளியவை, ஆனால் நாள்தோறும் நடப்பவை. ஒன்ராறியோவில் வீட்டுக்காரர் நோட்டீஸ் கொடுத்ததுமே மூட்டை கட்டக் கூடாது. வாரியத்தின் ஆணை வேண்டும், அதை நிறைவேற்றுபவர் ஷெரிஃப் என்ற நீதிமன்ற அதிகாரி. பூட்டை மாற்ற வீட்டுக்காரருக்கு உரிமையில்லை. அரச உதவிப் பணத்தில் வாழ்கிறார் என்பதற்காக வீடு மறுப்பதும் அங்கே சட்டவிரோதம்.

பேஸ்மென்டை வாடகைக்கு விடும் நம்மவர்களுக்கும் ஒரு சொல். சேஜ், ஸ்வீட்கிராஸ் போன்ற மூலிகைகளைப் புகையிட்டுச் செய்யும் ஸ்மட்ஜிங் பல பூர்வகுடிகளுக்கு வழிபாடு. நம் வீட்டில் சாம்பிராணி போடுவதைப் போல. புகை என்று சொல்லி அதைத் தடுத்து, குடியிருந்த பெண்ணை வெளியேற்ற முயன்ற பிரிட்டிஷ் கொலம்பியா வீட்டுக்காரர் ஒருவருக்கு எதிராக அம்மாகாண மனித உரிமைத் தீர்ப்பாயம் 2020இல் தீர்ப்பளித்தது. அவர் கொடுக்க வேண்டிய தொகை 20,000 டொலருக்கும் மேல். புகை உணர்கருவி, காற்றோட்டம் பற்றிய கவலை இருந்தால் குடியிருப்பவரோடு உட்கார்ந்து பேசி ஏற்பாடு செய்யுங்கள்.

உதவி தேடுபவர்கள் ரொறன்ரோவில் பூர்வகுடிகளுக்கான சட்ட உதவி அமைப்பான அபொரிஜினல் லீகல் சர்வீசஸை அணுகலாம். மற்ற ஊர்களில் ஃபிரெண்ட்ஷிப் சென்டர்கள் எனப்படும் பூர்வகுடிச் சமூக மையங்கள் வழிகாட்டும். போகும்போது ஒப்பந்தம், ரசீதுகள், வந்த கடிதம், அது கைக்குக் கிடைத்த தேதி ஆகியவற்றைக் கொண்டுபோங்கள்.