கடினமான முடிவெடுக்கும் பெண்ணை நாவலாக எழுதுவது எப்படி: சிங்கப்பூரில் எழுதுவோருக்குச் சில வழிமுறைகள்

காதலுக்கும் குடும்பத்துக்கும் நடுவே நிற்கும் பெண்ணைப் பற்றிய நாவல் தமிழுக்குப் புதிதன்று. வார இதழ்த் தொடர்கதைகளும் மாத நாவல்களும் அவளைப் பலமுறை அழவைத்திருக்கின்றன. ஆயினும் அவற்றுள் பலவற்றில் அவள் எதையுமே தேர்ந்தெடுப்பதில்லை. பெற்றோர் பார்த்த மாப்பிள்ளை குடிகாரன் என்பது கடைசி நேரத்தில் தெரியவரும். அல்லது எதிர்த்து நின்ற தந்தை மருத்துவமனைக் கட்டிலில் மனம் மாறுவார். அதுவும் இல்லையென்றால் காதலன் விபத்தில் இறந்து எல்லாருடைய சங்கடத்தையும் தீர்த்துவைப்பான். சிங்கப்பூரைக் களமாக வைத்துப் புதிதாக ஒரு நாவலைத் தொடங்க நினைப்பவர் இந்த மூன்று கதவுகளையும் முதலில் பூட்டிவிட வேண்டும். பூட்டியபின் எழுத என்ன இருக்கும் என்று அஞ்ச வேண்டியதில்லை. மணத்துக்கும் பிரிவுக்கும் வீட்டுக்கும் தாய்மைக்கும் இந்த ஊரில் வயதுவரம்பும் கெடுவும் தொகையும் எழுதிவைக்கப்பட்டிருப்பதால், முடிவின் கடுமையைக் கண்ணீரால் காட்ட வேண்டிய அவசியமே எழுத்தாளருக்கு இங்கு நேர்வதில்லை.

எனவே, கருப்பொருளை எழுதிவைத்துக்கொண்டு தொடங்காதீர்கள். 'பெண் விடுதலை', 'தியாகம்' போன்ற சொற்களிலிருந்து கதை பிறப்பதில்லை. அதற்குப் பதிலாக ஒரே ஒரு வாக்கியம் எழுதுங்கள்: இவளுக்கு எந்த இரண்டு வேண்டும், எந்த நாளுக்குள் அவற்றுள் எதை அவள் விட்டாக வேண்டும், விட்டால் யாருக்கு என்ன இழப்பு. அந்த வாக்கியத்தை உங்களுக்குத் தெரிந்த இரண்டு பெண்களிடம், முடிந்தால் ஒருவர் அறுபதைத் தாண்டியவராகவும் மற்றவர் முப்பதுக்குள் இருப்பவராகவும் பார்த்துச் சொல்லிப்பாருங்கள். இருவரும் ஒரே பதிலை உடனே சொன்னால் உங்களிடம் இன்னும் கதை இல்லை. அவர்களுக்குள் வாக்குவாதம் மூண்டால் எழுதத் தொடங்கலாம்.

நாளும் தொகையும் எங்கே கிடைக்கும் என்றால், பெரும்பாலும் வீட்டில்தான் கிடைக்கும். திருமண நிச்சயம் செய்துகொண்ட இருவர், பதிவுத் திருமணத்துக்கு முன்பே வீடமைப்பு வளர்ச்சிக் கழகத்தின் (வீவக) பிடிஓ வீட்டுக்கு, அதாவது விண்ணப்பம் வாங்கியபின் கட்டித்தரும் புதிய வீட்டுக்கு, விண்ணப்பிக்கலாம்; சாவி வாங்கிய மூன்று மாதங்களுக்குள் திருமணச் சான்றிதழைக் காட்டினால் போதும். விண்ணப்பத்துக்கும் சாவிக்கும் இடையே மூன்று, நான்கு ஆண்டுகள் கழிவது வழக்கம். இருபத்தாறு வயதில் ஒருவனோடு சேர்ந்து வீட்டுக்கு வரிசை எண் வாங்கியவள், முப்பதாவது வயதில் அதே ஆளாகவும் அதே மனத்தோடும் இருப்பாள் என்பதற்கு எந்த உத்தரவாதமும் இல்லை. இதற்கிடையில் குத்தகை ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டுவிட்டுப் பிரிந்தால், வீட்டு விலையில் 5 விழுக்காடு வரை இழக்க நேரும். நான்கு லட்சம் வெள்ளி வீடென்றால் அது இருபதாயிரம். அந்த இருபதாயிரத்தில் எவ்வளவு அவளுடைய மத்திய சேமநிதியிலிருந்து போனது, எவ்வளவு அவன் அப்பாவின் சேமிப்பிலிருந்து வந்தது என்று எழுதிப்பாருங்கள். இரண்டு குடும்பங்களின் குணமும் அந்தக் கணக்கிலேயே வெளிப்படும். பிரிந்துபோய்த் தனியாக வீடு வாங்கலாம் என்றால், மணமாகாதவருக்குப் பொதுவாக 35 வயது ஆக வேண்டும். ஆகவே முப்பது வயதில் நிச்சயத்தை முறித்துக்கொள்ளும் பெண் பெரும்பாலும் போய்ச்சேரும் இடம், அந்த முடிவை ஏற்காத தாயின் வீட்டில் அவளுடைய பழைய அறைதான். கோபித்துக்கொண்டு போக வேறு வீடில்லாத இந்த நெருக்கம் நாவலுக்கு எவ்வளவு பயன்படும் என்பதைச் சொல்லத் தேவையில்லை.

இதைவிட நுட்பமான ஒரு சூழ்நிலை நம் குடும்பங்களில் உண்டு. வீட்டுக்காகவோ விடுப்புக்காகவோ வேறு வசதிக்காகவோ திருமணத்தை முதலில் பதிந்துவிட்டு, தாலி கட்டும் சடங்கை ஓராண்டோ அதற்கு மேலோ கழித்து வைத்துக்கொள்பவர்கள் பலர். இந்த இடைவெளியில் அவள் சட்டப்படி மனைவி. சொந்தக்காரர்களின் கண்ணில் இன்னும் 'கல்யாணம் ஆகாத பொண்ணு'. அவன் வீட்டில் இரவு தங்கினால் அத்தை முகம் சுளிப்பார்; அவனைப் பிரிய நினைத்தாலோ, முஸ்லிம் அல்லாதவர்களின் மணத்தையும் மணவிலக்கையும் வகுக்கும் மாதர் சாசனம் என்ற சட்டத்தின்படி மணமாகி மூன்று ஆண்டுகள் நிறைவதற்குள், விதிவிலக்கான கொடுமையோ துன்பமோ இருந்தாலன்றி, மணவிலக்குக்கு விண்ணப்பிக்க இயலாது. தாம்பத்தியமே நடைபெறாத மணத்தைச் செல்லாததாக்கக் கோரும் வழி உண்டென்றாலும், அதற்கென்று தனி நிபந்தனைகளும், ஒரு பெண் வழக்கறிஞரிடம் வாய்விட்டுச் சொல்லக் கூசும் கேள்விகளும் இருக்கின்றன. சட்டம் ஒரு நாளிலிருந்து எண்ணுகிறது, குடும்பம் வேறொரு நாளிலிருந்து எண்ணுகிறது. இரண்டுக்கும் நடுவில் அவள் என்னவாக இருக்கிறாள் என்பதே ஒரு முழு நாவலுக்குப் போதும். இதை இதுவரை யாரும் தீர எழுதிவிட்டதாக எனக்குத் தோன்றவில்லை.

அடுத்ததாக, கதை நடக்கும் ஆண்டை உறுதியாக முடிவுசெய்யுங்கள். சட்டம் மாறும்போது மனிதர்கள் எடுக்கக்கூடிய முடிவுகளும் மாறுகின்றன. 2024 ஜூலை 1 முதல், இருவரும் மனமொத்து மணவிலக்குப் பெற வழி திறந்திருக்கிறது; மணம் முறிந்ததற்கான காரணத்தையும், சேர்ந்து வாழ எடுத்த முயற்சிகளையும், பணத்துக்கும் பிள்ளைகளுக்கும் செய்யவிருக்கும் ஏற்பாட்டையும் நீதிமன்றத்திடம் சொல்ல வேண்டும். அதற்கு முன்பு அப்படியில்லை. கள்ள உறவு, பொறுத்துக்கொள்ள முடியாத நடத்தை, இரண்டாண்டு கைவிட்டுப் போதல், மறுதரப்பு ஒப்புக்கொண்டால் மூன்றாண்டும் ஒப்பாவிட்டால் நான்காண்டும் பிரிந்து வாழ்தல் ஆகியவற்றுள் ஒன்றைக் காட்டியாக வேண்டும். உங்கள் கதை 2019இல் நடக்கிறது என்று வைத்துக்கொள்வோம். கணவன் நல்லவன், அடித்ததில்லை, ஏமாற்றியதில்லை, இருவருக்கும் பேச ஒன்றும் மிஞ்சவில்லை, அவ்வளவுதான். அவன் ஒப்புக்கொண்டால் மூன்றாண்டு, ஒப்பாவிட்டால் நான்காண்டு அவள் பிரிந்து வாழ்ந்து காத்திருக்க வேண்டும், அல்லது அந்த நல்ல மனிதனின் குற்றங்களை வரிசையிட்டு ஒரு தாளில் எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். அந்தத் தாளை அவன் படிப்பான். அவனுடைய அம்மாவும் ஒருநாள் படிக்கக்கூடும். 'பிறந்தநாளை மறந்தார்', 'இரவு உணவுக்கு வரவில்லை' என்று அவள் எழுதி எழுதிக் கிழிக்கும் அத்தியாயத்தில் எந்த வில்லனும் தேவைப்படமாட்டான். 2025இல் நடக்கும் கதையில் அந்த அத்தியாயம் இந்த வடிவில் அமைய வேண்டியதில்லை. அங்கே இருவரும் ஒரே மேசையில் உட்கார்ந்து ஒரே காரணத்தை எழுத ஒப்புக்கொள்ள வேண்டியிருக்கும், அது வேறொரு வகையான வலி.

தாய்மையைத் தொட்டு எழுதுவதானாலும் இதே கவனம் வேண்டும். மருத்துவக் காரணம் இல்லாமலே கருமுட்டையை உறையவைத்துச் சேமிக்க 2023 ஜூலை 1 முதல் 21 வயதிலிருந்து 37 வயது வரையிலான பெண்களுக்கு, மணமாகாதவர்களுக்கும், அனுமதி உண்டு. ஆனால் சேமித்ததைப் பயன்படுத்தச் சட்டப்படி மணமானவராக இருக்க வேண்டும். முப்பத்தாறரை வயதில், அம்மாவுக்குத் தெரியாமல் மருத்துவமனைக்குப் போய்வரும் ஒருத்தி, பிற்பாடு வரும் வரனை அவனுக்காக ஏற்கிறாளா, சேமித்துவைத்ததற்காக ஏற்கிறாளா என்பது அவளுக்கே தெளிவில்லாமல் இருக்கலாம். அந்தத் தெளிவின்மையை ஆசிரியர் தீர்த்துவைக்கக் கூடாது.

பெற்றோர் விஷயத்தில் நம் நாவல்கள் எளிதில் சறுக்குகின்றன. தாயும் தந்தையும் ஒன்று தெய்வமாகிறார்கள், அல்லது கொடியவர்களாகிறார்கள். பெற்றோர் பராமரிப்புச் சட்டம் 1995இல் இங்கு நிறைவேறியது. தம்மைக் காத்துக்கொள்ள இயலாத 60 வயது நிறைந்த பெற்றோர் பிள்ளைகளிடம் பராமரிப்புத் தொகை கோரி நடுவர் மன்றத்தை நாடலாம். பிள்ளைகளைத் துன்புறுத்திய அல்லது கைவிட்ட பெற்றோர் முதலில் அந்த மன்றத்தின் அனுமதியைப் பெற வேண்டும் என்ற திருத்தம் 2023இல் நிறைவேற்றப்பட்டது. சின்ன வயதில் விட்டுப்போன அப்பா, வாடகை வீட்டில் தனியாகக் கிடந்து, இருபத்தைந்து ஆண்டுகள் கழித்து மகளைத் தேடி வருகிறார் என்று கொள்வோம். சட்டம் அவளைக் கட்டாயப்படுத்தாமலும் போகலாம். அப்படிக் கட்டாயம் நீங்கிய இடத்தில்தான் நாவல் தொடங்குகிறது: கொடுத்தால் வளர்த்த அம்மாவுக்குத் துரோகம், கொடுக்காவிட்டால் புளோக்கின் கீழே உட்கார்ந்திருக்கும் கிழவரைக் கடந்து தினமும் வேலைக்குப் போக வேண்டும், கணவனிடம் சொன்னால் ஒரு சண்டை, சொல்லாவிட்டால் வேறொரு சண்டை.

தமிழகத்திலிருந்து மணமாகி வந்த பெண்களை எழுதுவோர் அனுமதி அட்டைகளின் விதிகளை மனிதவள அமைச்சின் பக்கத்தில் ஒருமுறை நிதானமாகப் படித்துவிடுவது நல்லது. கணவரின் வேலையை ஒட்டிய சார்ந்திருப்போர் அட்டையில் இருக்கும் மனைவி, 2021 மே மாதத்திலிருந்து, வேலைக்குப் போக வேண்டுமானால் பொதுவாகத் தனக்கென்று ஒரு வேலை அனுமதியைப் பெற்றாக வேண்டும். அவள் கணவனைப் பிரிந்தால் வீட்டோடு நாட்டையும் பிரிய நேரும். பிள்ளையின் பள்ளி என்னாவது என்ற கேள்வி அதற்கு முன்பே வந்து நிற்கும். இல்லப் பணிப்பெண்ணின் நிலை இன்னும் இறுக்கமானது. வேலை அனுமதிச் சீட்டில் இருப்பவர் சிங்கப்பூரரை மணக்க அமைச்சின் ஒப்புதல் தேவை. நாயகி அழும்போது தேநீர் கொண்டுவந்து வைப்பதற்காக மட்டும் ஒரு பணிப்பெண்ணை நாவலுக்குள் அழைத்து வராதீர்கள். அவளும் ஊரில் யாரையோ விட்டுவிட்டு வந்தவள்தான். முஸ்லிம் குடும்பத்தைப் பற்றி எழுதுவதானால் மணம் முஸ்லிம் திருமணப் பதிவகத்தின் கீழும் விலக்கு ஷரியா நீதிமன்றத்தின் கீழும் வருவதை மறந்துவிடக் கூடாது. மாதர் சாசனத்தின் விதிகளை அப்படியே அங்கே பொருத்தினால், நன்கு தெரிந்த வாசகர் மூன்றாம் பக்கத்திலேயே புத்தகத்தை மூடிவிடுவார்.

இவ்வளவு விதிகளையும் தெரிந்துகொண்டபின், அவற்றை நாவலில் எழுதாமல் இருக்கப் பழக வேண்டும். சட்டப் பிரிவை வழக்கறிஞர் பாத்திரம் ஒரு பக்கத்துக்கு விளக்கும் காட்சியை நான் எந்த நாவலிலும் ரசித்ததில்லை. விதி வாசகருக்குக் கதாபாத்திரத்தின் கெடுவாகவே தெரிய வேண்டும்: நாட்காட்டியில் அவள் வட்டமிட்ட ஒரு தேதி, வங்கிக் கணக்கில் போதாத ஒரு தொகை, தொலைபேசியில் திறக்காமல் வைத்திருக்கும் ஒரு மின்னஞ்சல்.

இடத்தையும் அப்படியே கையாளுங்கள். நாலறை வீடு என்றால் சுமார் தொண்ணூறு சதுர மீட்டர். அதற்குள் மூன்று தலைமுறை. இந்த வீட்டில் ஒரு பெண் யாருக்கும் கேட்காமல் தொலைபேசியில் பேச எங்கே போவாள்? குப்பை கொட்டப் போகும் சாக்கில் படிக்கட்டுக்கா, ஈஷூன் நிலையத்தில் இறங்காமல் உட்லண்ட்ஸ் வரை ரயிலில் போய்த் திரும்பியா, வெள்ளிக்கிழமை தேக்காவில் பூ வாங்கும் கூட்டத்துக்கு நடுவிலா? அந்த இடம் முடிவாகிவிட்டால், அவள் என்ன பேசுவாள் என்பதில் பாதி தானே வந்துவிடும்.

அமைப்பைப் பொறுத்தவரை எனக்கு ஒரு பிடிவாதம் உண்டு. முடிவெடுக்கும் தருணத்தைக் கடைசி அத்தியாயத்துக்குத் தள்ளாமல், மூன்றில் ஒரு பங்கு முடியும்போதே அவளை முடிவெடுக்க வையுங்கள். எஞ்சிய இரண்டு பங்கும் அந்த முடிவோடு அவள் வாழ்வது. நிச்சயத்தை முறித்தவள் அடுத்த தீபாவளிக்குப் பெரியம்மா வீட்டுக்குப் போகிறாளா, போனால் யார் அவளிடம் எதைக் கேட்காமல் விடுகிறார்கள், தங்கைக்கு வரும் வரன்கள் ஏன் குறைகின்றன, மூன்றாண்டு கழித்து அவனை மனைவியோடு பேரங்காடியில் பார்க்கும்போது அவள் வண்டியைத் திருப்புகிறாளா என்பவையெல்லாம் 'சுபம்' போட்டபின் நடப்பதால் நம் கதைகளில் பெரும்பாலும் எழுதப்படாமலே போய்விடுகின்றன. அவள் எடுத்த முடிவுக்குப் பரிசோ தண்டனையோ கொடுக்கும் ஆசையை அடக்கிக்கொள்ளுங்கள். பதவி உயர்வு, புதிய காதலன், புற்றுநோய் ஆகிய மூன்றும் ஆசிரியரின் தீர்ப்பை மறைமுகமாகச் சொல்லும் கருவிகள்.

எதிர்த்தரப்பு பலவீனமாகத் தெரிந்தால் ஓர் அத்தியாயத்தை அம்மாவின் குரலிலோ கணவனின் குரலிலோ, 'நான்' என்று தன்மையில் எழுதிப்பாருங்கள். அதை நாவலில் சேர்க்க வேண்டியதில்லை. ஆனால் எழுதி முடித்தபின் அந்த அம்மா நாயகியிடம் பேசும் அடுத்த வசனம் நிச்சயம் மாறியிருக்கும். வசனத்தில் மலாயும் ஆங்கிலமும் கலப்பதைக் கூச்சமின்றி அனுமதிக்கலாம். கதைசொல்லியின் நடையை மட்டும் ஒரே சீராக வைத்துக்கொண்டால் போதும்.

முன்னோர் என்ன செய்தார்கள் என்று பார்க்க விரும்புவோருக்கு, 1965 முதல் 2015 வரையிலான சிங்கப்பூர்த் தமிழ் இலக்கிய நூல்கள் பல மின்வடிவில் தேசிய நூலக வாரியத்தின் வழியே கிடைக்கின்றன. அவற்றில் பெண் பாத்திரங்களை மட்டும் தொடர்ந்து படித்துப்பார்த்தால் எந்தக் காலத்தில் எதை முடிவெடுக்க அவளுக்கு இடமிருந்தது என்பது விளங்கும். எழுதி முடித்த நாவலுக்குத் தேசியக் கலைகள் மன்றத்தின் மானியங்கள், இரண்டாண்டுக்கு ஒருமுறை வழங்கப்படும் சிங்கப்பூர் இலக்கியப் பரிசின் தமிழ்ப் பிரிவு ஆகியவை இருக்கின்றன. அவற்றின் நிபந்தனைகள் மாறக்கூடியவை என்பதால் விண்ணப்பிக்கும் ஆண்டில் பார்த்துக்கொள்வதே சரி.

அச்சுக்குப் போகுமுன் செய்ய வேண்டிய வேலை ஒன்று பாக்கி இருக்கிறது. 2020 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி இங்குள்ள குடியிருப்பாளர்களில் இந்தியர்கள் ஏறத்தாழ 9 விழுக்காடு. அவர்களுள்ளும் தமிழ் நாவல் வாங்கிப் படிப்பவர்களின் வட்டம் மிகச் சிறியது. தோழியின் மணவிலக்கிலிருந்து ஒரு காட்சியை எடுத்திருந்தால் பெயரை மாற்றினால் மட்டும் போதாது. தொழிலை மாற்றுங்கள், செங்காங்கை ஜூரோங்காக்குங்கள், இரண்டு பிள்ளைகளை ஒன்றாக்குங்கள், மண்டபத்தில் நடந்த சண்டையைக் கோயிலுக்கு மாற்றாதீர்கள், ஏனெனில் கோயிலில் பார்த்தவர்கள் இன்னும் அதிகம். இவ்வளவும் செய்தபின் அந்தப் பக்கங்களை அவரிடமே கொடுத்துப் படிக்கச் சொல்லுங்கள். அவர் வேண்டாம் என்றால் எடுத்துவிடுங்கள். அந்த இடத்தில் நீங்களே கற்பனை செய்து எழுதுவது பெரும்பாலும் அதைவிட நன்றாகவே அமையும்.